ஆறாம் நிலைத் தலைப்பு

சுதர்சனத்தின் விரல் நாக்கில் பட்டது பட்டதுதான், இனி என்ன செய்தாலும் அது போகாது என்று செண்பகவல்லிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வாஷ்பேசினில் வாய் வலிக்கும்வரை கொப்பளித்துவிட்டு வந்துதான் மீட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் விரல் அங்கேயே இருந்தது. மேலே கேக்கின் க்ரீம், அதற்கடியில் சானிடைசரின் கசப்பு, அதற்கும் அடியில் சிகரெட். இந்த அலுவலகத்தில் பிறந்தநாள் என்றால் இப்படித்தான். பிறந்தநாள்காரர் மெழுகுவத்தியை எச்சில் தெறிக்க ஊதி அணைப்பார், கேக்கை வெட்டுவார், ஒவ்வொருவர் வாயிலும் தன் கையாலேயே ஒரு துண்டு ஊட்டுவார், மற்றவர்கள் அவருக்கு ஊட்டுவார்கள், மிச்சத்தை அவர் கன்னத்தில் அப்புவார்கள், அப்பியது போக மீந்ததைப் பேப்பர் தட்டில் வாங்கி எல்லோரும் சந்தோஷமாகத் தின்பார்கள். வேறு யாராவது என்றால் விரதம், பல்வலி என்று ஏதாவது சொல்லி நழுவிவிடலாம். இன்றைக்குப் பிறந்தநாள் சுதர்சனத்துக்கு, அவர் டீமின் தலைவர். "செண்பகா, ஆ காட்டுங்க" என்றார், பாலர் பள்ளிக்கூடத்து ஆயா மாதிரி. முப்பத்தாறு வயதுப் பொம்பளை, ஒரு பிள்ளைக்குத் தாய், ஆ காட்டினாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். விரல்கூடப் பரவாயில்லை, தன் வாய் எவ்வளவு சுலபமாகத் திறந்தது என்று நினைக்கும்போதுதான் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுக்கிறோம் என்று மாமியார் வீட்டுச் சனம் வரிசையில் வந்ததும் இப்படித்தான். பிசைந்த வாழைப்பழம் ஒவ்வொருத்தர் விரலிலும் ஒவ்வொரு ருசியாக இருந்தது. ஒரு பெரியப்பாவின் நகத்தில் மூக்குப்பொடி. அன்றைக்கும் ஆ காட்டினாள். பக்கத்தில் புருஷன்காரன் சிரித்துக்கொண்டிருந்தான், அவன் வாய்க்கு ஸ்பூன் கொடுத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து கை கழுவப் போன இடத்தில் கொஞ்சம் வாந்தி எடுத்தாள், அதற்குள் விசேஷமா என்று ஒருத்தி கேலி செய்தாள், அதற்கும் இவள் சிரித்து வைத்தாள். சிரித்து வைப்பதில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அறைக்குள் ஏசி ஈரச் சாக்கு வாடை வீசிக்கொண்டிருந்தது. மேசையில் க்ரீமைத் துடைத்த தடம் வழவழவென்று மின்னியது. சுதர்சனம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார், காது மடலின் பின்னால் துடைக்காமல் விட்ட இளஞ்சிவப்பு க்ரீம் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மடிக்கணினியைப் பார்த்தாள். அங்கே பச்சைப் பொத்தான். 'அப்ரூவ்' என்று எழுதியிருந்தது. காலையிலிருந்து அது அப்படியே இருக்கிறது. இவள் அமுக்கினால் நிரஞ்சன் என்கிற பையன் எழுதிய மாற்றம் இவள் எழுதிய லைப்ரரி என்கிற நிரல் தொகுப்புக்குள் போகும், நாளைக்கு இவர்கள் ஓர் ஆஸ்பத்திரிக்காகச் செய்கிற வலைப்பக்கங்கள் எல்லாம் அதோடு வெளியே போகும். அமுக்காவிட்டால் போகாது. லைப்ரரியை எழுதியவர் ஒப்புக்கொள்ளாமல் அதில் ஒரு வரியையும் மாற்றக் கூடாது என்று விதி போட்டதே சுதர்சனம்தான், அவளைப் பாராட்டுகிற ஒரு கூட்டத்தில் வைத்து. ஆக இப்போது அந்தப் பாராட்டு ஒரு பொத்தானாக இவள் மடியில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வத்சலா மேடம் திரையில் வருவாள். அவளிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் சுதர்சனம் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. "தலைப்பெல்லாம் டைப்ஸ் பார்த்துக்கும் மேடம், தப்பு நடக்க வாய்ப்பே இல்ல. அவ்ளோதான் செண்பகா, வேற எதுவும் பேச வேண்டாம்." ஒரு வாக்கியம். அதையும் ஊட்டிவிட்டார்.

லைப்ரரி என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வலைப்பக்கத்தில் தலைப்புக்கு ஆறு நிலை உண்டு. முதல் நிலை அந்தப் பக்கத்தின் பெயர். இரண்டாம் நிலை அதன் பெரிய பிரிவுகள். மூன்றாம் நிலை அந்தப் பிரிவுக்குள் வருகிற சிறு பிரிவு. இப்படியே இறங்கிக்கொண்டே போகும். கண் இருக்கிறவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அவன் பெரிய எழுத்தைப் பார்க்கிறான், சின்ன எழுத்தைப் பார்க்கிறான், புரிந்துகொள்கிறான். காதால் வாசிக்கிறவர்களுக்குத்தான் அது வழி. ஜெபராஜோடு உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டபோதுதான் அவளுக்கே அது உறைத்தது. ஜெபராஜ் கீழ்த்தளத்தில் பரிசோதனைக் குழுவில் இருக்கிறான், பிறவியிலேயே பார்வை கிடையாது, இவளுக்குக் கோவில்பட்டி, அவனுக்கு நாசரேத், அதனால் அக்கா தம்பி என்று ஆகிவிட்டது. கணினி பக்கத்தை வாசித்துக் காட்டுகிற குரல் அவன் காதில் கடுகு வெடிக்கிற வேகத்தில் ஓடும். அவன் விரல் இரண்டு என்ற எண்ணைத் தட்டும், குரல் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்குத் தாவும். மறுபடி தட்டுவான், அதற்கடுத்ததற்குத் தாவும். வேண்டியது வந்ததும் நின்று உள்ளே இறங்குவான். நிலையைத் தப்பாகப் போட்டிருந்தால் தாவுகிற இடத்தில் பள்ளம். "இந்த எடத்துல ஒண்ணுமே இல்லன்னுதாங்க்கா எனக்குச் சொல்லுது" என்றான் அன்றைக்கு, திரையில் அந்த இடத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு நின்றது. அதற்குப் பிறகுதான் எழுதினாள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தனி டைப், நிரலுக்குள் ஒரு தனி வகை. முதல் நிலை ஒரு டைப், இரண்டாம் நிலை வேறொரு டைப், ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது, ஒரு குக்கரின் மூடி இன்னொரு குக்கருக்குப் பொருந்தாத மாதிரி. மூன்றாம் நிலை வேண்டுமென்றால் இரண்டாம் நிலைக்குள் இருந்துதான் வர முடியும். தலைப்பே இல்லாமல் ஒரு பகுதியைத் திறக்க முடியாது. மீறி எழுதினால் நிரல் ஓடவே ஓடாது, கீழே சிவப்புக் கோடு விழும். கெஞ்சினாலும் விழும், பதவியைச் சொல்லி மிரட்டினாலும் விழும். அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் அவள் உண்டாக்கியதிலேயே வளைந்து கொடுக்காத ஒரே சாமான் அது. இவளைப் போலச் சிரித்து வைக்காது.

அந்தச் சிவப்புக் கோடுதான் இப்போது பக்கம் பக்கமாக விழுந்து கிடக்கிறது. காரணத்தை யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள். எழுத்தின் அளவையும் நிறத்தையும் வைத்திருக்கிற கோப்பு மும்பையில் ஒரு குழுவின் கையில் இருக்கிறது. அதில் ஒரு எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்க வேண்டுமென்றாலும் அவர்களிடம் மனுப் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே பக்கம் செய்கிற பிள்ளைகள் யார் காத்திருப்பார்கள்? அவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துப் பழகிவிட்டார்கள். எழுத்து பெரிதாக வேண்டுமா, எச் ஒன், அதாவது முதல் நிலைத் தலைப்பு, போடு. சின்னதாக வேண்டுமா, ஆறாம் நிலை, எச் சிக்ஸ் போடு. தலைப்பின் நிலை என்பது அவர்களுக்குச் சட்டை சைஸ் மாதிரி. தள்ளுபடி அறிவிப்பு முதல் நிலை, ஏனென்றால் கண்ணில் பளிச்சென்று தெரிய வேண்டும். அதைக்கூடத் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிடலாம். 'உங்கள் மருந்துகள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. நோயாளி தன் மருந்துகளைத் தானே பார்த்துக்கொள்வதற்கு. மருந்தின் பெயர் இரண்டாம் நிலை, அதற்குள் காலை, மதியம், இரவு என்று மூன்றாம் நிலை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நீளமான பெயருள்ள மருந்து கைப்பேசியில் இரண்டு வரியாக மடங்குகிறது, பார்க்க நன்றாக இல்லை, ஆகவே பெயர் நீளமாக இருந்தால் ஆறாம் நிலை. ஒரே வரியில் அடக்கமாக நின்றுவிடுகிறது. கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது. இரண்டாம் எண்ணைத் தட்டித் தட்டிப் போகிறவன் காதில் அந்த மருந்து விழவே விழாது. சின்னப் பெயருள்ள மருந்துக்குள் இறங்கினால் காலை ஒன்று, இரவு ஒன்று, மறுபடி காலை இரண்டு, இரவு இரண்டு என்று கேட்கும், எல்லாம் அந்த முதல் மருந்துக்கே சொன்ன கணக்காக. நிரஞ்சன் என்ன செய்திருக்கிறான் என்றால் 'ஏதோ ஒரு தலைப்பு' என்று ஒரு டைப் எழுதியிருக்கிறான். எந்த எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், எந்த இடத்திலும் உட்காரும். அதைச் சேர்த்தால் சிவப்புக் கோடு எல்லாம் ஒரே நொடியில் மறைந்துவிடும். எது ஊட்டினாலும் ஆ காட்டும் டைப். அதைப் படித்தபோது தன்னைத்தான் டைப்பாக எழுதியிருக்கிறான் என்று நினைத்தாள்.

"என்ன யோசனை?" என்றார் சுதர்சனம். பல் குத்திய குச்சியை மேசையிலேயே வைத்தார். குச்சியின் நுனி ஈரமாக இருந்தது. "அமுக்கிடுங்க செண்பகா, மேடம் வந்துருவாங்க." செண்பகா மருந்துப் பக்கத்தை மட்டுமாவது நிறுத்தி வைக்கலாம் என்றாள். குரல் தனக்கே கேட்காத அளவு சின்னதாக வந்தது. "மருந்துப் பக்கம்தானம்மா மெயினே. அத நிறுத்திட்டு எத லைவ் பண்றது? நீங்க சொல்றது எல்லாம் எனக்குப் புரியுது. பிரின்சிபிள் நல்ல விஷயம், நான் இல்லேங்கல. ஆனா ப்ராக்டிகலா இருக்கணும்ல? அடுத்த ரிலீஸ்ல சரி பண்ணிக்கலாம், நானே உங்களுக்கு ஆள் தரேன்." அடுத்த ரிலீஸ் என்பது இந்தக் கட்டடத்தில் சொர்க்கம் மாதிரி, எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள், போய்ப் பார்த்து வந்தவர் கிடையாது. அவர் சிரித்தபோது கடைவாய்ப் பல்லில் க்ரீம் தெரிந்தது. கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது, அதுதான் எரிச்சல். இவள் பிள்ளைக்கு டெங்கு வந்தபோது பிளேட்லெட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் கை நீட்டும்போது எப்படி வாயை மூடிக்கொள்வது? போன வருஷம் இதே டீமில் இருந்த அகிலாண்டம் அப்படி மூடிக்கொண்டாள். இது சரியில்லை, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை, துரத்தவில்லை. அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவள் மேசைக்கு யாரும் போகவில்லை, செண்பகாவும் போகவில்லை. தயிர்சாதத்தைத் தனியாகப் பிசைந்துகொண்டிருந்த அந்தக் கை ஞாபகம் வந்தது. டப்பாவைத் துடைத்து மூடிய அழகு ஞாபகம் வந்தது. பிறகு ஒரு நாள் அவள் இல்லை. வேலை போனால் வேறு வேலை கிடைக்கும், அதுவல்ல பயம். எல்லோரும் இருக்கிற அறையில் யாரும் இல்லாத மாதிரி உட்கார வேண்டுமே, அதுதான். பொத்தானைப் பார்த்தாள். பச்சை, பாசி பிடித்த தொட்டியின் பச்சை. அமுக்கினாள். ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு சின்ன டிக் விழுந்தது, அவள் பெயருக்குப் பக்கத்தில். "சூப்பர்" என்றார் சுதர்சனம், அதே விரலை உயர்த்திக் காட்டி.

ஜெபராஜைக் கூட்டி வந்து அவளுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, டை. கிளையண்ட் கூட்டம் என்றால் அவனுக்கு டை கட்டச் சொல்லிவிடுவார்கள். அவனுக்கும் ஒரு துண்டு கேக் ஊட்டப்பட்டது, கை வருவது தெரியாததால் மூக்கில் இடித்தது, எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். செண்பகா தன் கைக்குட்டையை அவன் கையில் வைத்தாள். வத்சலா மேடம் திரையில் வந்தாள், நரைத்த தலை, கறாரான கண்ணாடி. சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள். "போன மாசமே நான் கேட்டது ஒண்ணுதான். பார்வை இல்லாத எங்க பேஷண்ட்ஸ் இந்தப் பக்கத்தத் தாங்களே தனியா படிச்சு மாத்திர போட்டுக்க முடியுமா, முடியாதா?" சுதர்சனம் இதற்காகவே காத்திருந்தவர் போல, "எங்க ஜெபராஜ் செஞ்சே காட்டுவார் மேடம்" என்றார். ஒரு மாதிரி நோயாளியின் பக்கத்தைத் திறந்தார்கள். செண்பகா திரையைப் பார்த்தாள், பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. அந்த நோயாளிக்கு மருந்துகள் எல்லாம் சின்னச் சின்னப் பெயர். பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஜெபராஜ் இரண்டைத் தட்டினான், குரல் ஒரு பெயரைச் சொன்னது, மறுபடி தட்டினான், அடுத்த பெயர். தப்பே இல்லாமல் ஓடியது. "பாருங்க மேடம், கண்ணு இல்லாமயே நம்மள விட வேகம்" என்று சுதர்சனம் கை தட்டினார், அறையில் இருந்தவர்களும் தட்டினார்கள், திரையில் வத்சலா மேடமும் ஒரு சம்பிரதாயத்துக்குத் தட்டினாள். ஜெபராஜ் தலையைக் குனிந்து, தன்னைப் பாராட்டும் திசை எது என்று தெரியாமல் கொஞ்சம் இடப்பக்கமாகச் சிரித்தான். ஒரு கணம், இப்போது வாந்தி எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று செண்பகா நினைத்தாள், எடுத்துவிட்டால் எழுந்து ஓடிவிடலாம், ஒன்றும் பேச வேண்டியதில்லை. வேண்டாத நேரத்தில் எல்லாம் வருகிற வாந்தி அப்போது வரவில்லை. "இது ஒரு பேஷண்ட். எல்லாருக்கும் இப்படியே இருக்கும்னு யார் கேரண்டி?" என்று வத்சலா மேடம் கேட்டாள். எல்லோரும் செண்பகாவைப் பார்த்தார்கள். ஜெபராஜும் முகத்தை இவள் பக்கம் திருப்பினான். சொல்லிவிடலாம். நீளமான பெயர் உள்ள ஒரு மருந்தைத் திறந்து காட்டுங்கள் என்று மட்டும் சொன்னால்கூடப் போதும், அதற்குப் பிறகு இவள் பேசவே வேண்டியதில்லை. அந்த வாக்கியம் உள்ளே ஒழுங்காக, எழுவாய் பயனிலையோடு தயாராக நின்றது. "தலைப்பெல்லாம் டைப்ஸ் பார்த்துக்கும் மேடம். தப்பு நடக்க வாய்ப்பே இல்ல" என்றாள். நிதானமான, நம்பும்படியான குரல். இவ்வளவு நல்ல குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. "அது போதும். எழுதினவங்களே சொல்றாங்க" என்று வத்சலா மேடம் கண்ணாடியைக் கழற்றினாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்காக வாசலில் நின்றார்கள். கழிவுநீர் லாரி ஒன்று சாலையோரம் சொட்டிக்கொண்டே போனது, அந்த நாற்றத்துக்கு அவள் மூக்கைக்கூட மூடவில்லை, இன்றைக்கு இதுதான் நேர்மையான நாற்றம் என்று நினைத்துக்கொண்டாள். ஜெபராஜ் டையைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்தான். வழக்கத்துக்கு மாறாகக் கலகலவென்று இருந்தான். "அக்கா, ஒரு சங்கதி. நம்ம பிளெஸ்ஸி அந்த ஆஸ்பத்திரியிலதான் காட்டுதா, தெரியும்லா?" பிளெஸ்ஸி அவன் மனைவி, அவளுக்கும் பார்வை கிடையாது. வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று செண்பகாவுக்குத் தெரியும், எந்த ஆஸ்பத்திரி என்று அவள் கேட்டதில்லை. "மாத்திரை பேரெல்லாம் ஒரு முழ நீளம்க்கா, அவளுக்கு வாயில நொழையாது. டாக்டரு வாராவாரம் அளவ மாத்துதாரு. மாடி வீட்டு அக்காதான் அட்டையப் பாத்து எது காலைக்கு, எது ராத்திரிக்குன்னு சொல்லணும். அன்னைக்கு அவங்க முகத்தச் சுளிச்ச சத்தம் கேட்டுச்சாம், பிளெஸ்ஸி அழுதுட்டா. முகஞ்சுளிச்சா சத்தம் கேக்குமாட்டின்னு கேட்டேன், கேக்கும்னா." அவன் சிரித்தான். "இப்பதான் போன் போட்டேன். நாளைலேருந்து நீ யாரையும் கூப்புட வேண்டாம், நீயே பாத்துக்கலாம், செண்பகா அக்காவே சொல்லிட்டாங்கன்னேன். அவளுக்குச் சந்தோசம் தாங்கல."

செண்பகா சாலையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது, அது ஓடியதை அவள் பார்த்தாள். "மாடி வீட்டம்மாவையே கூப்பிடச் சொல்லுங்க ஜெபராஜ்" என்றாள். "அந்தப் பக்கத்த நம்ப வேண்டாம்." ஏன் என்று கேட்டான். சொன்னாள், நீளமான பெயர்களை, ஆறாம் நிலையை, தான் அமுக்கிய பொத்தானை. சொல்லச் சொல்ல அவன் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை, அணைக்க மறந்த விளக்கு மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. "அப்ப மீட்டிங்ல நீங்க சொன்னது?" என்றான். "பொய்தான்." அவன் கம்பைத் தரையில் மெல்லத் தட்டினான், எதையோ தேடுகிற மாதிரி. "அந்த மேடம்கிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா. அவங்க அதத்தான கேட்டாங்க." "சுதர்சனம் பக்கத்துல உக்காந்திருந்தாரு" என்றாள் செண்பகா.

"நானுந்தானக்கா பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றான் ஜெபராஜ்.

பஸ் வந்து நின்றது. அவன் கம்பியைத் துழாவிப் பிடித்து, படிகளில் தனியாக ஏறினான், பிளெஸ்ஸிக்குப் போன் போடக் கைப்பேசியை எடுத்துக்கொண்டே. செண்பகா கீழேயே நின்றாள். இவன் இப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்கு அவன் மேல் சுள்ளென்று ஒரு கோபம் வந்தது. அன்றைக்கு முழுவதும் குமட்டிய எல்லாவற்றையும்விட அந்தக் கோபம்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.